கைபேசிக் கடைத்தெரு – 9: பத்து நொடி வாடிக்கையாளர்

2002-ல் பிரிட்டனில் ஒரு போன் எண் அறிமுகமானது: 2580. பழைய பட்டன் போனின் நடு வரிசையை மேலிருந்து கீழாக அழுத்தினால் அதுதான். மதுக்கடையில் ஓடும் பாட்டுக்கு நேரே போனைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் இணைப்பு தானே அறுந்துவிடும். பின்னாலேயே பாட்டின் பெயரும் பாடியவர் பெயரும் எஸ்.எம்.எஸ்.ஸில் வரும். ஷசாம் இப்படித்தான் தொடங்கியது. ஒலியில் ஓங்கி நிற்கும் உச்சிகளை மட்டும் பொறுக்கி, அவற்றின் இடைவெளிகளைக் கைரேகைபோலச் சேமித்து ஒப்பிடும் முறையை வகுத்தவர் ஏவரி வாங். இரைச்சலுக்கு நடுவிலும் அது பாட்டைப் பிடித்துவிடும்.

சிக்கல் வியாபாரத்தில் இருந்தது. பெயர் தெரிந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுகிறவரிடம் எதை விற்பது? பத்து நொடி நிற்கிற வாடிக்கையாளரை நம்பி எந்தக் கடையும் நடக்காது. 2008-ல் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்தபோது ஷசாமும் உள்ளே இருந்தது. பாட்டின் பெயருக்குப் பக்கத்திலேயே ஐடியூன்ஸில் வாங்க ஒரு பொத்தான். வாங்கினால் ஷசாமுக்குக் கமிஷன். 2009 கடைசியில் இலவசமாகப் பயன்படுத்துவோருக்கு மாதம் ஐந்து பாட்டுதான் என்று பூட்டுப் போட்டார்கள். 2011-ல் அவர்களே திறந்தும் விட்டார்கள். திறந்ததுதான் புத்திசாலித்தனம் என்பேன். கேட்கிறவர் பெருகாமல் வாங்குகிறவர் எப்படிப் பெருகுவார்?

அந்தப் பொத்தான் ஓடியதற்குக் காரணம் ஒன்றுதான். காதில் விழுந்த பாட்டும் விலைக்கு வந்த பாட்டும் அச்சு அசல் ஒன்று. அளவு பார்க்க வேண்டாம், கூரியருக்குக் காத்திருக்க வேண்டாம், பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

இந்த நுணுக்கத்தை மறந்து கடையை விரித்தார்கள். 2011-ல் ஓல்டு நேவி துணிக்கடையின் டி.வி. விளம்பரப் பாட்டை ஷசாமில் பிடித்தால் அதில் வரும் உடுப்புகளை வாங்கலாம் என்றார்கள். 2012-ல் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் பந்தயமான சூப்பர் பவுலின் விளம்பரங்கள் பலவற்றில் ஷசாம் முத்திரை இருந்தது. 2015-ல் கேமராவும் சேர்ந்தது. அச்சு விளம்பரத்தையும் பொருளின் அட்டையையும் படம் பிடிக்கலாம். சோபாவில் சாய்ந்து பந்தயம் பார்க்கிறவர் போனைத் தேடி எடுப்பதற்குள் முப்பது நொடி விளம்பரம் முடிந்துவிடுகிறது என்பதை யாரோ சொல்லியிருக்கலாம்!

அமேசான் இன்னும் ஒரு படி மேலே போனது. 2014-ல் வந்த ஃபயர் போனின் பக்கவாட்டில் ஃபயர்ஃபிளை என்று ஒரு பொத்தான். பாட்டு, சினிமா, மளிகைப் பெட்டி என்று பத்துக் கோடிப் பொருள்களை அடையாளம் கண்டு நேரே அமேசான் கடைக்கே கூட்டிப்போகும் என்றார்கள். சில மாதங்களில் 17 கோடி டாலர் நஷ்டக் கணக்கு எழுதினார்கள். அடுத்த ஆண்டு போனே கடையிலிருந்து மறைந்தது.

நம் ஊரிலும் நடந்தது. 2015-ல் ஃபிளிப்கார்ட் தன் ஆப்பில் படத்தைக் காட்டிப் பொருள் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. சென்னையில் அஸ்வினி அசோகனும் ஆனந்த் சந்திரசேகரனும் தொடங்கிய மேட் ஸ்ட்ரீட் டென், துணி விற்கும் நிறுவனங்களுக்காகவே கணினிப் பார்வையைப் பழக்கியது. தங்கள் பெயரில் ஆப் போட்டு ஆள் சேர்க்காமல் கடைக்காரர்களுக்கே நுட்பத்தை விற்றார்களே, அது நல்ல கணக்கு.

ஆனால் துணி, பாட்டு அல்ல. இதைப் பார்க்கக் கேரளத்தில் திருவனந்தபுரத்தை அடுத்த காட்டாக்கடைப் பக்கம் போனால் போதும். அங்கிருந்து பாலராமபுரம் தூரமில்லை. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர்களின் நெசவுத் தெருக்கள் கொண்ட ஊர் அது. குழித்தறியில் நெய்த கசவு முண்டும் நேரியலும் இன்று புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. அதைப் படம் பிடித்துத் தேடுங்கள். வெள்ளை உடல், பொன் கரை என்று கேமரா சரியாகத்தான் சொல்லும். பிறகு, அதே வெள்ளையும் அதே பொன் கரையும் கொண்ட விசைத்தறித் துணிகளை, விலை குறைந்ததை முன்னால் வைத்து, வரிசையாக அடுக்கும். ஓணம் நெருங்கும்போது ஜவுளிக்கடைகளில் கேட்கிற பேச்சு இதுதான். “போன்ல இதே சாதனம் பாதி விலைக்குக் காட்டுதே அண்ணாச்சி?” “அது வேற தறியாக்கும் மோளே, தொட்டுப் பாரு.”

தொட்டுப் பார்க்கத்தான் கேமராவால் முடியாது. நூலின் முறுக்கும் இரண்டு பக்கமும் ஒரேபோல இருக்கும் நெசவும் திரையில் விழுவதில்லை. 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை துணியோடு ஒட்டியிருந்தாலும், கரையின் நிறத்தைத் தேடும் ஆப் அதைப் பொருட்படுத்துவதில்லை. இங்கே ஆப்பின் வளர்ச்சி நெசவாளியின் நஷ்டம்.

ஷசாமுக்கு வருவோம். பாட்டை விலைக்கு வாங்கும் பழக்கமே ஸ்ட்ரீமிங் வந்ததும் குறைந்தது, கமிஷனும் இளைத்தது. 2015 தொடக்கத்தில் 100 கோடி டாலர் மதிப்புப் போடப்பட்ட நிறுவனத்தை, 2018-ல் ஆப்பிள் சுமார் 40 கோடிக்கு வாங்கியதாகச் செய்திகள் சொல்லின. வாங்கியவர்கள் விளம்பரங்களை நீக்கினார்கள். ஆப்பிள் மியூசிக்குக்கு ஆள் அனுப்பும் வாசலாக இருந்தாலே அவர்களுக்குப் போதும்.

பார்த்ததை அடையாளம் கண்டு விற்கும் இப்படியொரு ஆப்பை இன்று தொடங்குகிறவர் என்னிடம் கேட்டால், துணியை விட்டுவிட்டுப் புத்தக அட்டையிலும் மிக்ஸி ஜாரின் உதிரி பாகத்திலும் தொடங்கச் சொல்வேன். காட்டாக்கடைச் சுற்றுவட்டாரத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரின் பல்சக்கரம் உடைந்தால், அதே பல் எண்ணிக்கை உள்ள சக்கரம்தான் வேண்டும். கிட்டத்தட்ட அதேபோன்றது உதவாது. அப்படிப்பட்ட சாமானுக்கு ஆட்கள் அலைகிறார்கள், விலையும் பேசுவதில்லை.

(அடுத்த வாரம்: போனின் மைக் எப்போதும் காது கொடுத்தால், அந்தக் கேள்வி யாருக்குச் சொந்தம்?)