விறகின் எடையும் வெப்பமும்

பொள்ளாச்சிச் சாலையும் பாலக்காட்டுச் சாலையும் கோயம்புத்தூர் நகருக்குள் சேரும் வாயில் உக்கடம். இச்சாலைகளின் இருமருங்கும் உள்ள கிராமங்களில் கிடைக்கும் தென்னை மட்டை, தேங்காய்த் தொட்டி, பருத்திமார், சீமைக்கருவேல விறகு ஆகியவை முன்னர் பெரும்பாலும் வீட்டடுப்புக்கே பயன்பட்டன. இன்று ஆலைகளின் கொதிகலன்களும் இத்தகைய எரிபொருளை நாடுகின்றன. எனவே, விற்கும் விவசாயியும் பொது நிலத்து மரத்தை ஏலம் விடும் பஞ்சாயத்தும் எடை வேறு, வெப்பம் வேறு என்பதை அறிதல் அவசியம்.

முற்றும் உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறத்தாழ 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். அதில் உள்ள நீரை ஆவியாக்கவோ, கிலோவுக்கு 600 கிலோ கலோரி செலவாகும். இதன்படி, நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள விறகு கிலோவுக்குச் சுமார் 3,480 கிலோ கலோரியும், 50 பங்கு ஈரமுள்ள பச்சை விறகு 1,950 கிலோ கலோரியுமே ஈயும். பச்சையாக வெட்டி ஏற்றுபவர் தண்ணீருக்கும் லாரி வாடகை கொடுக்கிறார்! ஈரத்தை அறிவதும் எளிதே. ஒரு கிலோ விறகைச் சிறு துண்டுகளாக்கி, எடை மேலும் குறையாத வரை உலர்த்துக. 700 கிராம் நின்றால் ஈரம் நூற்றுக்கு 30 என்று கொள்ளலாம்.

உலர்த்துவதற்கு நமக்கு வாய்த்த துணை, ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்று. அட்டியின் நீளத்தை வடக்குத் தெற்காக அமைத்தால் காற்று குறுக்கே புகுந்து செல்லும். பருத்த கட்டைகளைப் பிளந்து, மண்ணில் படாதவாறு குறுக்குக் கழிகளின்மேல் அடுக்க வேண்டும். ஐப்பசி மழைக்குமுன் மேற்புறத்தை மட்டும் மூடி, பக்கங்களைத் திறந்து விடுவதே முறை. முழுவதும் மூடினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாது.

மரத்தூள் போன்ற பொடிப் பொருள்களில் அபாயம் வேறு வகையானது. ஈரத்தோடு பெரிய அம்பாரமாகக் குவித்தால் நுண்ணுயிர்களின் செயலால் உட்புறம் சூடேறும். அச்சூடு வெளியேற வழியின்றி மிகுமாயின், யாரும் கொள்ளி வைக்காமலே உள்ளே கனியத் தொடங்கும். ஆகவே குவியலை ஆள் உயரத்துக்கு மேல் உயர்த்தாமல், இடையிடையே வழி விட்டு, மின்கம்பிகளுக்கு அப்பால் அமைக்க வேண்டும். கடப்பாரையைக் குவியலுள் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவுக. கை பொறுக்காத சூடு இருப்பின், தண்ணீரை அருகில் ஆயத்தமாக வைத்துக்கொண்ட பின்னரே கலைக்கலாம். கனிந்த குவியலில் காற்று திடீரெனப் புகுந்தால் தீ குபீரென எழும். ஆடிக் காற்றில் அத்தீ அடுத்த களத்துக்குத் தாவ நெடுநேரம் ஆகாது.

தென்னை நார்க்கழிவு தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும் இயல்புடையது. அதை எரிபொருளாக்க முயல்வதைவிட, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கற்பித்துள்ளபடி சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்க வைப்பதே மேல் என்பது நம் கருத்து.

தேங்காய்த் தொட்டியைச் சுட்டுக் கரியாக்குவோர், சூளையிலிருந்து எடுத்த உடனே சாக்கில் கட்டலாகாது. ஆறியது போலத் தோன்றும் கரி, காற்றுப்பட்டதும் மீண்டும் பற்றக்கூடும். மூட்டை கட்டுமுன் திறந்த வெளியில் பரப்பி ஒரு நாளாவது வைத்திருக்க வேண்டும்.