இடுப்பு ஒடுங்கிய மஞ்சள் பெட்டி

கடலில் விழுந்த விமானிகள் உதவி கேட்டுக் கைப்பிடியைச் சுற்றினார்கள், யார் காதிலாவது விழுகிறதா என்று தெரியாமலே.

1942 அக்டோபர். வழிதவறிய அமெரிக்க பி-17 விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து பசிபிக் கடலில் இறங்கியது. ரப்பர் படகுகளில் தொற்றிக்கொண்ட எட்டுப் பேரில் ஒருவர் எடி ரிக்கன்பேக்கர், முதல் உலகப் போரின் பிரபல விமானி. அவரை மீட்க மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் ஒருவர் இறந்திருந்தார். மேலிருந்து தேடுகிறவர்களுக்கு சமுத்திரத்தில் மிதக்கும் ரப்பர் படகு கடுகளவுகூடத் தெரியாது.

பரிகாரம் எதிரியிடமிருந்து வந்தது. ஜெர்மானியர்கள் தங்கள் விமானிகளுக்காக வடிவமைத்த அவசர டிரான்ஸ்மிட்டர் ஒன்று 1941இல் பிரிட்டிஷார் கையில் சிக்கியது. அவர்கள் அதைப் பார்த்து ஒன்று செய்தார்கள். பிறகு அமெரிக்காவும் செய்தது. எஸ்.சி.ஆர்-578 என்பது ராணுவம் வைத்த பெயர். ஆனால் சிப்பாய்கள் அதை அழைத்தது 'கிப்சன் கேர்ள்' என்று. சார்லஸ் டானா கிப்சன் என்ற ஓவியர் வரைந்து பிரபலமாக்கிய, இடை சிறுத்த பெண்களின் நினைவாக! பெட்டியின் நடுப்பகுதி ஒடுங்கியிருந்ததற்குக் காரணம் அழகல்ல. ஆடும் படகில் உட்கார்ந்து தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொள்ள வேண்டுமே.

எடை சுமார் 15 கிலோ. பேட்டரி கிடையாது, கைப்பிடியைச் சுற்றினால்தான் மின்சாரம். மோர்ஸ் தெரியாதவர் சுற்றினாலும் எஸ்.ஓ.எஸ். தானாகவே போகும். சுற்றுவதை நிறுத்தினால் குரலும் நின்றுவிடும். பல நாள் பட்டினி கிடந்தவர் கை எவ்வளவு நேரம் சுற்றும்?

அதைவிடச் சிரமமானது ஏரியல். கப்பல்கள் காது கொடுத்துக் கேட்ட அபாய அலைவரிசை 500 கிலோஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் 600 மீட்டர். எனவே சுமார் 90 மீட்டர் கம்பியை வானில் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. அதற்குப் பெட்டியோடு ஒரு பட்டம் கொடுத்தார்கள். காற்று இல்லாவிட்டால் பலூன்; கடல்நீரில் முக்கினால் ஹைட்ரஜன் தரும் டப்பாவும் உண்டு. மொட்டைமாடியில் நின்று பட்டம் விட்டவர்களுக்கே தெரியும், அது எத்தனை தடவை தலைகுப்புற விழும் என்று. இவர்கள் அதை நனைந்த படகிலிருந்து விட வேண்டும். எல்லாம் கூடிவந்தால் 300 கிலோமீட்டர்வரை கேட்கும்.

கேட்பதற்கென்றே ஓர் ஏற்பாடும் இருந்தது. ஒவ்வொரு மணியிலும் இரண்டு தடவை, மும்மூன்று நிமிடங்கள், உலகம் முழுவதும் அந்த அலைவரிசையில் மற்றவர்கள் வாய்மூடிக் காத்திருப்பார்கள். கப்பலின் ரேடியோ அறைக் கடிகாரத்தில் அந்த நிமிடங்களுக்குச் சிவப்பு வண்ணம் தீட்டியிருக்கும்.

பெட்டியின் பெரிய குறை, அதற்கு வாய் மட்டுமே உண்டு, காது இல்லை. செய்தி போய்ச் சேர்ந்ததா, யாராவது வருகிறார்களா என்று அறிய வழியே இல்லை. இந்தக் குறை விமானியின் மனதை எப்படி அரித்திருக்கும் என்பதை எந்தக் கையேடும் சொல்லாது.

போருக்குப் பிறகும் கிப்சன் கேர்ளின் வாரிசுகள் விமானங்களில் பயணம் செய்தன. கப்பல்களின் 500 கிலோஹெர்ட்ஸ் காவல் 1999இல் முடிவுக்கு வந்தது. இப்போது கையடக்கக் கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள்களைக் கூப்பிடுகின்றன. இந்தியாவில் அந்தக் குரலை வாங்கும் நிலையங்கள் பெங்களூரிலும் லக்னோவிலும் உள்ளன. 2020 ஜனவரியில் ஐரோப்பாவின் கலிலியோ செயற்கைக்கோள்கள் புதிய சேவை ஒன்றைத் தொடங்கின. அதற்கேற்ற கருவி கையில் இருந்தால், தத்தளிப்பவருக்கு ஒரு பதில் வரும்: செய்தி கிடைத்தது.