இரவலா, உரிமையா?
கலைச் செல்வங்களை மீட்க ஆப்பிரிக்க நாடுகள் மேற்கொண்ட முயற்சிகள்

1977-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நைஜீரியாவின் அன்றைய தலைநகரான லாகோஸில் ஆப்பிரிக்க இன மக்களின் உலகக் கலைவிழா நடைபெற்றது. 'பெஸ்டாக்' எனச் சுருக்கமாக அழைக்கப்பட்ட அவ்விழாவுக்குச் சின்னமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது, யானைத் தந்தத்தில் செதுக்கிய ஒரு பெண்ணின் முகவுரு. பதினாறாம் நூற்றாண்டில் பெனின் நாட்டை ஆண்ட எசிகி என்ற மன்னரின் தாயான இடியா அரசியின் முகம் அது. அதன் அசல் லண்டன் நகரில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தது. விழாவுக்காக அதனை இரவலாகத் தருமாறு நைஜீரிய அரசு கேட்டது. பொருள் மிகவும் நொய்ம்மையானது, பயணத்தைத் தாங்காது என்று காரணம் கூறி அருங்காட்சியகம் மறுத்துவிட்டது. படி ஒன்றைச் செய்வித்தே விழா நடத்தப்பட்டது.

தன் மண்ணில் பிறந்த பொருளைத் தன் விழாவுக்கு இரவல் கேட்க வேண்டிய நிலையும், அந்த இரவலும் மறுக்கப்பட்ட நிகழ்ச்சியும் ஆப்பிரிக்க நாடுகளின் சிந்தனையை ஆழமாகப் பாதித்தன. அரை நூற்றாண்டாக அவை நடத்திவரும் ராஜதந்திர முயற்சிகளின் மையக் கேள்வி ஒன்றே: திரும்பி வரும் பொருள் சலுகையாக வருகிறதா, உரிமையாக வருகிறதா?

வாள்வலியால் சென்றவை

இப்பொருள்கள் ஐரோப்பாவைச் சென்றடைந்த வகையை அறிந்தால்தான் இக்கேள்வியின் கூர்மை புலப்படும். இன்றைய நைஜீரியாவின் தென்பகுதியில் இருந்த பெனின் அரசின் தலைநகரை 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை கைப்பற்றியது. அதற்கு முந்தைய மாதம் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் குழுவினர் கொல்லப்பட்டதற்குத் தண்டனை என்று இப்படையெடுப்பு அறிவிக்கப்பட்டது. அரண்மனை சூறையாடப்பட்டது, நகரம் எரிந்தது, ஓபா எனப்படும் மன்னர் ஓவொன்ராம்வென் கலபார் நகருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914-இல் அங்கேயே மறைந்தார். பித்தளையிலும் வெண்கலத்திலும் வார்க்கப்பட்ட தகடுகள், தலையுருவங்கள், தந்தச் சிற்பங்கள் என ஆயிரக்கணக்கானவை அள்ளிச் செல்லப்பட்டன. அவற்றில் ஒரு பகுதி, படையெடுப்பின் செலவை ஈடுகட்டுவதற்காக விற்கப்பட்டது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் மட்டும் 900-க்கும் மேற்பட்ட பெனின் பொருள்கள் உள்ளன.

எத்தியோப்பியாவின் கதையில் இந்தியாவுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868-இல் பேரரசர் இரண்டாம் தியோட்ரோஸின் மக்தலா கோட்டையைத் தாக்கிய ஜெனரல் நேப்பியரின் படை, பம்பாயிலிருந்து புறப்பட்டது. அதில் இந்திய வீரர்கள் பெருமளவில் இருந்தனர். பீரங்கிகளைச் சுமக்க யானைகளும் இங்கிருந்தே கப்பலேற்றப்பட்டன. பேரரசர் சரணடைய மறுத்துத் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். கொள்ளைப் பொருள்களைச் சுமந்து செல்ல 15 யானைகளும் ஏறத்தாழ 200 கோவேறு கழுதைகளும் தேவைப்பட்டனவாம். அடிமைப்பட்ட ஒரு நாட்டின் வீரர்களும் விலங்குகளும் மற்றொரு நாட்டின் செல்வத்தைக் கவரப் பயன்படுத்தப்பட்டமை, காலனி ஆட்சியின் இயல்பைத் தெளிவாகக் காட்டுகிறது.

இவ்வாறே 1874-இல் கானா நாட்டு அசாந்தி மன்னரின் தலைநகரான குமாசியிலிருந்து பொன்னணிகள் பிரிட்டனுக்குச் சென்றன. 1892-இல் தகோமே நாட்டின் அபோமே அரண்மனையிலிருந்து அரியணைகளும் அரசவுருவச் சிலைகளும் பிரெஞ்சுப் படையின் கைக்குப் போயின. தகோமேதான் 1975-இல் பெனின் எனப் பெயர் மாற்றிக்கொண்ட இன்றைய குடியரசு. மேலே கூறிய பழைய பெனின் அரசு வேறு, இக்குடியரசு வேறு என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்வது நல்லது.

சட்டம் என்னும் வேலி

விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடுகள் தம் பொருள்களைக் கேட்டபோது, எதிர்நின்றது சட்டம். பிரிட்டிஷ் அருங்காட்சியகச் சட்டம் 1963, சில விதிவிலக்குகள் தவிர, சேகரிப்பிலுள்ள எதனையும் கைவிட அறங்காவலர்களுக்கு அதிகாரம் அளிக்கவில்லை. பிரான்சிலோ, பொதுச் சேகரிப்பிலுள்ள பொருள் எக்காலத்தும் பிறருக்கு உரிமை மாற்றத்தக்கதன்று என்னும் கோட்பாடு நிலவியது.

இந்த வேலியின் விந்தையை இரண்டு எடுத்துக்காட்டுகள் விளக்கும். 1950-களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமே பெனின் தகடுகள் சிலவற்றை 'மிகைப்படிகள்' எனக் கருதி விற்றது. அவற்றை விலை கொடுத்து வாங்கியோருள் நைஜீரியாவும் ஒன்று. மற்றொன்று, மக்தலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'தாபோத்' என்னும் திருப்பலகைகள். எத்தியோப்பியத் திருச்சபையின் குருமார் மட்டுமே காணத்தக்கவை என்பதால், பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தன்னிடமுள்ள 11 தாபோத்களைக் காட்சிக்கு வைப்பதில்லை, ஆய்வுக்கும் தருவதில்லை. அருங்காட்சியகப் பணியாளர்கள்கூட அவற்றைப் பார்ப்பதில்லை. ஆயினும் அவை திருப்பித் தரப்படவில்லை.

சர்வதேசச் சட்டமும் முழுத் துணையாக அமையவில்லை. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்க 1970-இல் யுனெஸ்கோ நிறைவேற்றிய உடன்படிக்கை, அது நடைமுறைக்கு வந்த பின் நிகழ்பவற்றுக்கே பொருந்தும். காலனி ஆட்சிக் காலத்துக் கொள்ளைக்கு அதில் பரிகாரம் இல்லை. தெளிவான ஒப்பந்தக் கடப்பாடு இருந்தபோதும் காலதாமதம் நேர்ந்ததற்கு அக்சும் நடுகல் சான்றாகும். 1937-இல் எத்தியோப்பியாவிலிருந்து ரோம் நகருக்குக் கொண்டு செல்லப்பட்ட அதனை, 18 மாதங்களுக்குள் திருப்பித் தர 1947-ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கையில் இத்தாலி ஒப்புக்கொண்டது. அது தாயகம் திரும்பியதோ 2005-இல்தான். மீண்டும் நிறுவப்பட்டது 2008-இல்.

உலக மன்றத்தில்

சட்டம் கைகொடுக்காத நிலையில், ஆப்பிரிக்க நாடுகள் உலக மன்றத்தை நாடின. 1973 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் ஜைர் நாட்டுத் தலைவர் மொபுட்டு இக்கோரிக்கையை எழுப்பினார். அதே ஆண்டு டிசம்பரில், பறிக்கப்பட்ட கலைப்படைப்புகளை உரிய நாடுகளுக்குத் திருப்பித் தருவது பற்றிய 3187-ஆம் தீர்மானம் நிறைவேறியது. யுனெஸ்கோவின் தலைமை இயக்குநராக இருந்த செனகல் நாட்டு அறிஞர் அமது-மக்தார் ம்போ, 1978 ஜூனில் உலகுக்கு விடுத்த வேண்டுகோள் இத்துறையில் ஒரு மைல்கல். ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றுக்கு ஈடு செய்ய இயலாத சான்றுகளாக விளங்குபவற்றையேனும் திருப்பித் தருமாறு அவர் கேட்டார். அவ்வாண்டே இதற்கென அரசுகளிடைக் குழு ஒன்றையும் யுனெஸ்கோ அமைத்தது.

இக்குழுவால் பரிந்துரைக்கத்தான் முடியும்; ஆணையிட இயலாது. எனினும் இம்முயற்சிகள் வீண்போகவில்லை. தனிப்பட்ட அருங்காட்சியகங்களுடன் நடந்துவந்த கடிதப் போக்குவரத்து, நாடுகளுக்கிடையிலான விவகாரமாக உயர்ந்தது. 1976-க்கும் 1982-க்கும் இடையே பெல்ஜியம் நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களை ஜைருக்கு வழங்கியது. ஆனால் அவை 'அன்பளிப்பு' என்றே வழங்கப்பட்டன. உரிமை இருந்ததாக ஒப்புக்கொள்ளப்படவில்லை.

காற்றின் திசை மாறியது

2016-இல் பெனின் குடியரசு, அபோமே பொருள்களைத் திருப்பித் தருமாறு பிரான்சிடம் முறைப்படி கேட்டது. உரிமை மாற்றத் தடைக் கோட்பாட்டைக் காட்டிப் பிரான்ஸ் மறுத்தது. ஓராண்டுக்குள் நிலைமை மாறியது. 2017 நவம்பரில் புர்க்கினா பாசோவின் வாகடூகு நகரில் மாணவர்களிடையே பேசிய பிரெஞ்சு அதிபர் மக்ரோன், ஐந்தாண்டுகளுக்குள் ஆப்பிரிக்கப் பாரம்பரியச் சின்னங்கள் திரும்புவதற்கான சூழ்நிலையை உருவாக்குவதாக அறிவித்தார். இதன் தொடர்பாகச் செனகல் நாட்டுப் பொருளியல் அறிஞர் பெல்வின் சார், பிரெஞ்சுக் கலை வரலாற்றறிஞர் பெனடிக்ட் சவாய் ஆகிய இருவரும் 2018-இல் அறிக்கை அளித்தனர். சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஏறத்தாழ 90,000 பொருள்கள் பிரெஞ்சுப் பொதுச் சேகரிப்புகளில் உள்ளன என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. தற்காலிகமாக அன்றி நிலையாகவே திருப்பித் தரவேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

2020 டிசம்பரில் பிரெஞ்சு நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. அதன்படி 26 அபோமே பொருள்கள் 2021 நவம்பரில் பெனின் குடியரசைச் சென்றடைந்தன. 2019-இல் ஐந்தாண்டு இரவலாகச் செனகலுக்குத் தரப்பட்டிருந்த, எல் ஹாஜ் உமர் தாலுக்குரியதாகக் கருதப்படும் வாளும் அதே சட்டத்தால் அந்நாட்டுக்கே உரியதாயிற்று. இரவல் உரிமையாக மாறிய முதல் படி இதுவெனலாம்.

ஜெர்மனி எடுத்துவைத்த அடி இன்னும் நீளமானது. அங்கு இத்தகைய பொதுத் தடைச் சட்டம் இல்லை. 2022 ஜூலையில் நைஜீரியாவுடன் கூட்டறிக்கை வெளியிட்டு, 1,000-க்கும் மேற்பட்ட பெனின் பொருள்களின் உடைமையை மாற்றித்தர ஜெர்மனி முன்வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் முதல் 20 பொருள்கள் அபுஜாவில் ஒப்படைக்கப்பட்டன. பெர்லினில் இருந்தவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தங்கிற்று. ஆனால் இம்முறை அவை நைஜீரியா ஜெர்மனிக்குத் தந்த இரவல். பொருள் இருக்குமிடம் மாறாமலேயே உறவு தலைகீழாக மாறியது. 2025 ஜூனில் நெதர்லாந்து 119 பொருள்களைத் திருப்பித் தந்தது.

பிரிட்டனில் சில பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் தாமாகவே முன்வந்து பெனின் பொருள்களை ஒப்படைத்துள்ளன. தேசிய நிறுவனங்கள் மட்டும் பழைய நிலையிலேயே உள்ளன. 2024-இல் 32 அசாந்திப் பொருள்கள் லண்டனிலிருந்து குமாசி மான்ஹியா அரண்மனை அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மூன்றாண்டு இரவல், மேலும் மூன்றாண்டு நீட்டிக்கலாம். உடன்பாடு கானா அரசுடன் அன்றி, அசாந்தி மன்னரின் தரப்புடன் செய்யப்பட்டது. உடைமை யாருடையது என்ற கேள்வி இதனால் தீரவில்லை, தள்ளிவைக்கப்பட்டது.

யாரிடம் ஒப்படைப்பது?

திருப்பித் தருவதற்கு எதிராக நெடுங்காலம் கூறப்பட்டது பாதுகாப்பின்மை. இவ்வாதத்தை முற்றிலும் புறக்கணிப்பதற்கில்லை. பெல்ஜியம் ஜைருக்குத் தந்தவற்றில் பல, 1990-களின் குழப்பத்தில் கின்ஷாசா அருங்காட்சியகத்திலிருந்து களவு போயின. ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலேயே ஏறத்தாழ 2,000 பொருள்கள் காணாமலோ களவாகவோ சேதமாகவோ போயின என்ற செய்தி 2023-இல் வெளிவந்த பின், இவ்வாதத்தின் வலு குறைந்துவிட்டது.

இதனினும் கடினமானது உள்நாட்டுக் கேள்வி. சூறையாடப்பட்டது மன்னரின் அரண்மனை. கேட்டுப் பெறுவது குடியரசு. 2023 மார்ச்சில் நைஜீரிய அதிபர் வெளியிட்ட அறிவிப்பு, பெனின் பொருள்களின் உடைமையாளர் ஓபாவே என ஏற்றது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் சில இதனால் தயங்கின. பெனின் நகரில் எழுந்த புதிய அருங்காட்சியகத்தின் தொடக்க நிகழ்ச்சிகள் 2025 நவம்பரில் எதிர்ப்பாளர்களால் குலைந்தன. எனினும், பறித்தவர் திருப்பித் தர வேண்டும் என்ற கடமை, பெறுவோரிடையே வழக்கு இருப்பதனால் அற்றுப்போவதில்லை.

மனித இழப்புக்கு ஈடு

கலைப்பொருள் மீட்பு, அடிமை வணிகத்துக்கும் காலனி ஆட்சிக்கும் இழப்பீடு கோரும் பெரிய இயக்கத்தின் ஒரு கிளையே. இழப்பீடு புதிய எண்ணமன்று. 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது பிரிட்டன் 2 கோடி பவுன் வழங்கியது. பெற்றவர்கள் அடிமைகளல்லர், அவர்களின் எஜமானர்கள். அதற்காக வாங்கிய கடன் 2015-இல்தான் முழுதும் தீர்ந்தது.

ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு 1992-இல் நைஜீரியத் தொழிலதிபர் அபியோலாவின் தலைமையில் சான்றோர் குழு ஒன்றை அமைத்தது. 1993-இல் அபுஜா பிரகடனம் வெளியாயிற்று. 2001-இல் டர்பன் மாநாடு, அடிமை வணிகம் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமே என அறிவித்தது. 2023 நவம்பரில் அக்ராவில் கூடிய மாநாடு, உலகளாவிய இழப்பீட்டு நிதியம் ஒன்றை முன்மொழிந்தது. ஆப்பிரிக்க ஒன்றியம் இழப்பீட்டையே 2025-ஆம் ஆண்டின் பொருளாக அறிவித்தது.

இங்கும் சொல்லைப் பற்றிய வழக்கே தலையாயது. 1904 முதல் 1908 வரை நமீபியாவில் ஹெரெரோ, நாமா மக்கள் கொன்றொழிக்கப்பட்டதை இனப்படுகொலை என ஜெர்மனி 2021-இல் ஏற்றது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தரவும் முன்வந்தது. ஆனால் அத்தொகையை இழப்பீடு என்று குறிப்பிடவில்லை. வளர்ச்சித் திட்டங்களுக்கான உதவி என்றே வகைப்படுத்தியது. அம்மக்களின் தலைவர்கள் பலர் இதை ஏற்கவில்லை. கென்யாவில் மாவ் மாவ் எழுச்சியின்போது சித்திரவதைக்கு ஆளானோர் லண்டன் நீதிமன்றத்தை அணுகியதன் விளைவாக, 2013-இல் பிரிட்டிஷ் அரசு 5,228 பேருக்காக 1.99 கோடி பவுன் அளித்தது. வருத்தம் தெரிவித்தது, சட்டப் பொறுப்பை ஏற்கவில்லை.

எஞ்சியுள்ள பணி

கலைப்பொருளில் 'இரவல்' என்னும் சொல் செய்யும் வேலையை, இழப்பீட்டில் 'உதவி' என்னும் சொல் செய்கிறது. இரண்டும் கொடுப்பவரை வள்ளலாக்குகின்றன. கடன்பட்டவர் என்ற நிலையிலிருந்து அவரை விடுவிக்கின்றன. ஆப்பிரிக்க நாடுகள் சொல்லின்மீது இத்துணைப் பிடிவாதம் காட்டுவதன் காரணம் இதுவே. உதவியை அளிப்பவர் விரும்பும்போது நிறுத்தலாம். உரிமையை அவ்வாறு நிறுத்த முடியாது.

1977-இல் இரவலுக்கும் மறுப்பே கிடைத்தது. 2022-இல் நைஜீரியாவே இரவல் தரும் நாடாயிற்று. இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையிலான மாற்றத்தைப் பெற்றுத்தந்தது படைவலியன்று, பொருள்வலியுமன்று. தீர்மானங்களும் வேண்டுகோள்களும் விடாத பேச்சுவார்த்தைகளுமே. இடியா அரசியின் முகவுரு இன்னும் லண்டனில்தான் இருக்கிறது. அது திரும்பும் நாளில், உடன்வரும் ஆவணத்தில் எந்தச் சொல் எழுதப்பட்டிருக்கும் என்பதே இம்முயற்சிகளின் வெற்றியை அளக்கும் கோலாக அமையும்.