கடைக்காரரை முதலில் பேசவிடு

முன்னுரை, பொருளுரை, முடிவுரை. பள்ளிக்கூடம் நம் கையில் கொடுத்தனுப்பிய சட்டகம் இது. தப்பில்லை, ஆனால் வாதக் கட்டுரைக்குப் போதாது. பொருளுரைக்குள் யார் பேச்சு முதலில் வரவேண்டும், நம்முடையதா, எதிராளியுடையதா என்பதை அது சொல்வதே இல்லை. வாதம் நிற்பதும் கவிழ்வதும் அங்கேதான்.

சென்னையை அடுத்த வேலப்பன்சாவடியில், சர்வீஸ் ரோட்டு டீக்கடையில், கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் நீட்டிய தாளிலும் இதே சிக்கல். கட்டுரைப் போட்டியாம். 'மெட்ரோ நம் ஊர் வழியாகவும் வரவேண்டும்' என்பது அவன் கட்சி. விவரங்களில் குறையில்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்கு வரும் 26.1 கிலோமீட்டர் பாதை போரூர், ஐயப்பன்தாங்கல், காட்டுப்பாக்கம், குமணன்சாவடி என்று மவுண்ட்–பூந்தமல்லி சாலையைப் பிடித்துப் போய்விடுகிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலைமேல் இருக்கும் வேலப்பன்சாவடி அதில் இல்லை. கல்லூரிக் கூட்டம், ஆஸ்பத்திரிக் கூட்டம், திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலுக்குப் போகிற கூட்டம் எல்லாம் இன்னும் பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் நம்பித்தான். எல்லாவற்றையும் எழுதியிருந்தான், நினைவுக்கு வந்த வரிசையில்.

"எதை முதல்ல போடறது சார்?"

"யார் படிக்கப் போறாங்கன்னு சொல்லுப்பா, அப்புறம் பார்ப்போம்."

தம்பியின் கேள்விக்குத் தமிழில் பழைய விடை இருக்கிறது. சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில் 'எழுவகை மதம்' என்று ஒரு பட்டியல் உண்டு. இங்கே மதம் என்றால் கொள்கை, நிலைப்பாடு. பிறர் சொன்னதை ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம். முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு களையலாம். நாமே ஒன்றை நாட்டி அதைக் கடைசிவரை நிலைநிறுத்தலாம். இரண்டு பேர் முரண்படும்போது ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலின் குற்றத்தை எடுத்துக்காட்டலாம். யாரோடும் ஒட்டாமல் தன் கொள்கையைச் சொல்லலாம். மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். கட்டுரைக்கு உட்காரும்போது எடுத்துப் பார்க்க வேண்டிய பட்டியல் அது.

நீளமான வாதத்தில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அருணந்தி சிவாச்சாரியாரின் சிவஞான சித்தியாருக்குப் போகலாம். 13-ஆம் நூற்றாண்டு நூல். இரண்டு பாகம்: பரபக்கம், சுபக்கம். பிறர் கட்சி முன்னால், தன் சைவ சித்தாந்தக் கட்சி பின்னால். பரபக்கத்தில் 14 மதங்கள் வருகின்றன. உலகாயதத்தில் தொடங்கி, பௌத்தத்தின் நான்கு பிரிவுகள், சமணம், மாயாவாதம் என்று போய்ப் பாஞ்சராத்திரத்தில் முடியும். நான் ரசிப்பது உள்ளே இருக்கும் அடுக்கை. பதினான்கையும் மொத்தமாகச் சொல்லிவிட்டு, பிறகு மொத்தமாக மறுக்கவில்லை அவர். உலகாயதன் சொல்வது, உடனே அதற்கு மறுப்பு. அடுத்தவன் சொல்வது, உடனே அதற்கு மறுப்பு. இல்லாவிட்டால் பதினான்காவது ஆள் பேசி முடிக்கும்போது முதல் ஆள் சொன்னது யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஆக வெளியில் ஓர் அமைப்பு, உள்ளே இன்னொன்று. அவரைக் கேட்க வந்தவர்கள் இத்தனை மதங்களின் வாதங்களையும் கேட்டுப் பழகியவர்கள். அவற்றைத் தாண்டாமல் தன் பேச்சு காதில் ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தம்பியின் விஷயத்துக்கு வருவோம். இதே கட்டுரையை நெடுஞ்சாலை ஓரத்துக் கடைக்காரர் ஒருவர் படிப்பதாக வைத்துக்கொள். "மெட்ரோ வந்தால் பயண நேரம் மிச்சமாகும்" என்று தொடங்கினால் அவர் இரண்டாவது வரிக்கு வரமாட்டார். அவர் கவலை வேறு. "வேலை நடக்கிற வருஷங்களில் கடை முன்னால் தகரத் தடுப்பு நிற்கும். வண்டி நிறுத்த இடம் இருக்காது. வியாபாரம் படுத்துவிடும். மவுண்ட்–பூந்தமல்லி சாலை குறுகியதை நாமே பார்த்தோம்" என்று அவர் பேச்சை அவரே சொல்வதுபோலச் சொல்லித் தொடங்கு. பிறகு, சர்வீஸ் ரோட்டை மூடாமல் வேலை நடக்க வேண்டும், தூண்களுக்கான இடத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று போ. மெட்ரோ கடைசியில் வரட்டும்.

இப்படி வரிசையை மாற்றினால் கட்சியே கொஞ்சம் மாறுகிறது, கவனித்தாயா? 'மெட்ரோ வரவேண்டும்' என்று இருந்தது, 'இன்னின்ன நிபந்தனையோடு வரவேண்டும்' என்று ஆகிவிட்டது. எதிராளியை நேர்மையாகப் பேசவிட்டால் இது நடக்கும். அவரைப் பொம்மையாக்கி, எளிதில் அடிக்கக்கூடிய நாலு வரியை வாயில் திணித்தால் நடக்காது. பட்டிமன்றத்துக்கு அது சரி, கைதட்டல் கிடைக்கும்.

மேம்பாலமா, மெட்ரோவா என்பது தலைப்பானால் கதை வேறு. அங்கே இரண்டு கட்சியும் சமம். செலவு, இடம், காலம், பயன்படுத்தப் போகிறவர் யார் என்று ஒவ்வொன்றாக எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, கடைசியில் ஒரு பக்கம் துணியலாம். சலிப்புத் தட்டக்கூடிய அமைப்பு இது. நாலு விஷயத்துக்கு மேல் போனால் ரேஷன் கார்டு விவரம் படிப்பதுபோல ஆகிவிடும்.

ஆனால் உன் தாளைப் படிக்கப் போகிறவர் போட்டி நடுவர். அவருக்கு இந்த விஷயத்தில் கட்சி கிடையாது. முன்னால் ஒரு கட்டுத் தாள் இருக்கும், இந்தப் பையன் என்ன சொல்கிறான் என்று சீக்கிரம் தெரியவேண்டும். அவருக்கு நாட்டி நிறுத்தும் முறைதான். முதல் பத்தியிலேயே கட்சியைச் சொல்லிவிடு. அடுத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் அலைச்சல். கடைக்காரர் மூன்றாவது பத்தியில் வரட்டும், பதிலும் அங்கேயே. கல்லூரி நேர நெரிசல்தான் உன் கையில் இருப்பதில் பலமானது, தினமும் நீயே அனுபவிப்பது. அதைக் கடைசிக்கு வை. சிங்கப்பூரைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதை எடுத்துவிடு.