கைமாறும் கல்ஃப்ஸ்ட்ரீம்

சென்னையில் கிளம்பி, எங்கும் இறங்காமல் லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் எரிபொருளைத் தாராளமாக மிச்சம் வைத்திருக்கக்கூடிய ஜெட், கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி550. ஒரே மூச்சில் ஏறத்தாழ 12,500 கிலோமீட்டர் பறக்கும். அமெரிக்காவின் சவன்னா நகரில் நடந்துவந்த இதன் உற்பத்தி 2021-இல் நின்றுவிட்டது. இனி யாருக்கு வேண்டுமானாலும், இன்னொருவர் பயன்படுத்திய விமானம்தான்.

செகண்ட் ஹேண்ட் கார் என்றால் முதலில் ஓடிய கிலோமீட்டரைப் பார்ப்போம். விமானத்தின் வயதைச் சொல்ல அப்படி ஒரே எண் போதாது. பறந்த மணி நேரம் ஒரு கணக்கு. ஏறி இறங்கிய தடவைகள் இன்னொன்று. ஒவ்வொரு பயணத்திலும் கேபின் காற்றழுத்தம் கூடிக் குறைவதால் விமானத்தின் உடல் உப்பித் தளர்ந்து, உலோகம் களைக்கிறது. மூன்றாவது, காலண்டர். ஹேங்கரில் சும்மா நின்றாலும் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். பெரிய சோதனைக்கு நாள் நெருங்கிய விமானம் மலிவாகக் கிடைப்பது அதனால்தான்.

எஞ்சின்கள் தனிக் கதை. ஜி550-இல் இருப்பவை ரோல்ஸ் ராய்ஸின் பிஆர்710. போட்டியாளரான பம்பார்டியரின் குளோபல் எக்ஸ்பிரஸிலும் இதே குடும்பம்தான். ஓவர்ஹால் என்று வந்தால் பில் கோடிகளில். அதைத் தாங்கத்தான் பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டிவரும் பராமரிப்புத் திட்டங்கள் உள்ளன. முந்தைய உரிமையாளர் தவறாமல் கட்டினாரா, அந்தத் திட்டம் புதியவர் பெயருக்கு மாறுமா என்பதை விலை பேசுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

அதன் பிறகு, வாங்குவதற்கு முந்தைய ஆய்வு. இதை விற்பவருக்கு வேண்டிய கூடத்தில் செய்யவே கூடாது. மெக்கானிக் கேமரா பொருத்திய மெல்லிய குழாயை எஞ்சினுக்குள் செலுத்தி, டர்பைன் இதழ்களை ஒவ்வொன்றாகத் திரையில் பார்ப்பார். விளிம்பில் கருகல், மயிரிழை விரிசல், கல் பட்ட வடு எதுவும் தப்பக் கூடாது. சமையலறைக்கும் கழிப்பறைக்கும் அடியில் தரைப் பலகைகளைக் கழற்றுவார்கள். ஆண்டுக்கணக்கில் சிந்திய காபியும் பழரசமும் கசிந்த தண்ணீரும் அங்கேதான் அலுமினியத்தை அரிக்கும். மேலே பளபளக்கும் தோல் இருக்கைகளைவிட இந்த இருட்டு மூலையே அதிகம் சொல்லும். கூடவே லாக்புக்குகளை முதல் நாளிலிருந்து புரட்டுவார்கள். சில பக்கங்கள் தொலைந்திருந்தால், நன்றாகப் பறக்கும் விமானத்துக்கும் விலை சரியும்.

உள் அலங்காரத்துக்குக் கொட்டிய பணமும் அப்படியே திரும்பாது. இதற்குப் பெரிய சாட்சி மெக்சிகோ அதிபரின் போயிங் 787. சுமார் 21.8 கோடி டாலருக்கு வாங்கி, 80 பேருக்கு மட்டும் சொகுசாக அமைத்த விமானம். 2018-இல் பதவியேற்ற லோபஸ் ஒப்ரடோர் அதில் ஏற மறுத்து விற்பனைக்கு வைத்தார். மாற்றியமைக்கும் செலவுக்குப் பயந்து எவரும் எளிதில் முன்வரவில்லை. 2023-இல் தஜிகிஸ்தான் சுமார் 9.2 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

விலை படிந்ததும் பணம் நேராக விற்பவர் கைக்குப் போகாது. நடுவர் கணக்கில் நிற்கும். 2001 கேப் டவுன் உடன்படிக்கையின்படி டப்ளினிலிருந்து நடத்தப்படும் சர்வதேசப் பதிவேட்டில், விமானத்தின் மீது கடன் உரிமை ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று வழக்கறிஞர்கள் தேடுவார்கள். இதைத் தவிர்த்துவிட்டுப் பணத்தை விடுவிப்பவர், முன்னவர் வங்கியில் வைத்த பாக்கியையும் சேர்த்து விலைக்கு வாங்கிவிடக்கூடும்.