தோல்விக்கு மறுநாள்

பங்குச் சந்தை வகுப்பு நடத்துவோரின் விளம்பரங்களைப் பார்த்தால், ஏதோ விளையாட்டுப் போட்டிக்கு ஆள் சேர்ப்பதைப் போலத் தோன்றும். மட்டையை உயர்த்தி நிற்கும் ஆட்டக்காரர், எல்லைக் கோட்டை நெஞ்சால் தொடும் ஓட்டக்காரர், கீழே விடாமல் போராடச் சொல்லும் ஒரு வாசகம். விளையாட்டு வீரர்களிடமிருந்து பங்கு வணிகர் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்த விளம்பரங்கள் கற்பிப்பது வீரர்களின் பழக்கத்துக்கு நேர் எதிரான பாடத்தை.

பங்குச் சந்தையின் ஒழுங்காற்று அமைப்பான 'செபி' 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், 'எஃப் அண்ட் ஓ' எனப்படும் முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்தனர் என்றது அது. அவர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அடுத்த ஆண்டும் நிலைமை பெரிதாக மாறவில்லை; 2024-25-இல் நட்டமடைந்தோர் 91 சதவீதம்.

இந்தப் புள்ளிவிவரத்தில் நம் கவனத்துக்குரிய பகுதி வேறு. இவ்வணிகத்தில் 30 வயதுக்கு உட்பட்டோரின் பங்கு ஒரே ஆண்டில் 31 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாக உயர்ந்தது. 72 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் முதல் 30 நகரங்களுக்கு வெளியே வசிப்பவர்கள். முக்கால்வாசிப் பேரின் ஆண்டு வருமானம் 5 லட்சம் ரூபாய்க்கும் குறைவு. அதாவது, இது மும்பைக்காரர்களின் கதையன்று. நாகர்கோவில், மார்த்தாண்டம் போன்ற ஊர்களின் கதை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவுடன் தமிழகத்தில் முதலிடம் பெற்றது குமரி மாவட்டம். படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள், வளைகுடாவிலிருந்து வரும் பணம், கையில் ஒரு கைப்பேசி. முன்பேர வணிகம் இங்கு நுழைய வேறென்ன வேண்டும்?

சரி, வீரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள்?

2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் உலகச் சதுரங்க வாகையர் போட்டி தொடங்கியது. 18 வயது குகேஷ், வெள்ளைக் காய்களுடன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே டிங் லிரனிடம் தோற்றார். மறுநாள் அவர் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. இழந்ததை அன்றே மீட்டுவிடத் துடித்துக் கறுப்புக் காய்களுடன் பாய்ந்து தாக்கவில்லை. அமைதியாகச் சமன் செய்தார். மூன்றாவது ஆட்டத்தில், வெள்ளை கைக்கு வந்தபோது வென்றார். பிறகு தொடர்ந்து ஏழு ஆட்டங்கள் சமன். 11-ஆவதில் வென்று, 12-ஆவதில் மோசமாகத் தோற்றார். அதன்பின் ஒரு நாள் ஓய்வு. 13-ஆவது ஆட்டம் சமன். டிசம்பர் 12 அன்று 14-ஆவது ஆட்டத்தில் வென்று உலக வாகையரானார். இரண்டு தோல்விகள், இரண்டுக்கும் அடுத்து ஒரு சமநிலை. 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணிக்கு மனப்பயிற்சி அளித்த பேடி அப்டன், இப்போட்டிக்குக் குகேஷுடன் பணியாற்றினார் என்பது தற்செயலன்று.

பங்கு வணிகத்தில் இதற்கு நேர்மாறான பழக்கத்துக்கு ஒரு பெயரே உண்டு: பழிவாங்கும் வணிகம். காலை 10 மணிக்கு 5,000 ரூபாயை இழந்தவர், 10.05-க்கு 10,000 ரூபாயை வைப்பார். சந்தை அவரை ஏமாற்றிவிட்டதாகவும், கணக்கைத் தீர்த்துவிட்டே எழ வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றும். அடுத்தடுத்த ஆண்டுகளில் நட்டம் கண்ட பின்னரும் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் இவ்வணிகத்தைத் தொடர்ந்தார்கள் என்கிறது செபி ஆய்வு. விடாமல் போராடுவதில் அவர்கள் எந்த வீரருக்கும் குறைந்தவர்கள் அல்லர். சிக்கலே அதுதான்.

குகேஷின் மனவுறுதியைப் புகழ்வது எளிது. ஆனால், அவரைச் சுற்றியிருந்த ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். மூன்று ஆட்டங்களுக்கு ஒரு நாள் ஓய்வு என்பது போட்டியின் விதி. தோற்ற மறு நிமிடமே இன்னோர் ஆட்டம் ஆட அவர் விரும்பியிருந்தாலும் முடியாது. எல்லா விளையாட்டிலும் இப்படித்தான். குமரியின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் தொடங்கி உள்ள மீனவ ஊர்களில் கால்பந்து ஏறக்குறைய வழிபாடு. அங்கே இரவிபுத்தன்துறையில் பிறந்து ஐ.எஸ்.எல். வரை சென்றவர் மைக்கேல் சூசைராஜ். 2020 நவம்பரில் அப்பருவத்தின் முதல் ஆட்டத்தில், தொடங்கிய சற்று நேரத்திலேயே முழங்காலில் காயமடைந்து வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவரால் ஆட இயலவில்லை. காயம்பட்டவர் ஆடலாமா கூடாதா என்பதை அவரே முடிவு செய்வதில்லை. மருத்துவர் இருக்கிறார், பயிற்றுநர் இருக்கிறார், களமிறங்க மாற்று ஆட்டக்காரர் காத்திருக்கிறார்.

கைப்பேசியில் வணிகம் செய்பவருக்கு நடுவர் இல்லை, ஊதல் இல்லை, மாற்று ஆட்டக்காரர் இல்லை. காயம்பட்ட காலோடு ஓடிக்கொண்டே இருக்கலாம். பிற்பகல் 3.30-க்குப் பங்குச் சந்தை மூடினால், நள்ளிரவை நெருங்கும் வரை பண்டச் சந்தை திறந்திருக்கிறது. எனவே, வீரரின் பழக்கம் என்று நாம் வியப்பதில் பாதி, அவரது குணமன்று. அவரைச் சுற்றியுள்ள விதி. வணிகர் அதைத் தமக்குத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'ஸ்டாப் லாஸ்' எனப்படும் இழப்பு வரம்பு அத்தகைய ஒரு விதி: விலை இந்த அளவுக்கு இறங்கினால் விற்றுவிடு என்று, மனம் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்கும் ஆணை. விலை இறங்கும்போது அந்த ஆணையை இன்னும் சற்றுக் கீழே தள்ளிவைப்பவரே மிகுதி.

தோவாளைப் பூ வணிகருக்கு இந்தச் சலுகை இல்லை. முகூர்த்த நாளுக்கு முன் பிச்சியும் மல்லியும் விலையேறும் என்று கணக்கிட்டு வாங்கியவர், கணக்கு பிழைத்தால் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டே ஆக வேண்டும். நாளை விலை ஏறுமென்று காத்திருக்கப் பூ காத்திருக்காது. முன்பேர வணிகத்தில் 'ஆப்ஷன்' வாங்குவதும் ஏறக்குறைய பூ வாங்குவதே. குறிப்பிட்ட நாளுக்குள் விலை குறிப்பிட்ட அளவைக் கடக்கும் என்ற எதிர்பார்ப்பை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். விலை எங்கும் அசையாமல் நின்றாலும், காலாவதி நாள் நெருங்க நெருங்க அந்த எதிர்பார்ப்பின் மதிப்பு வாடிக்கொண்டே வரும். பங்கை வாங்கியவர் பல ஆண்டுகள் பொறுத்திருக்கலாம்; ஆப்ஷனை வாங்கியவர் பொறுத்திருந்தால் கையில் மிஞ்சுவது நார். நிறுவனத்தின் பங்கை வைத்திருப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பூச்சந்தையில் ஒரு காலைப் பொழுது நின்றாலே விளங்கிக்கொள்ளலாம். வகுப்புகளில் இதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடுகிறது.

ரோஜர் ஃபெடரர் 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பேசியபோது தம்மைப் பற்றி ஒரு கணக்கைச் சொன்னார். ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் வென்றவர் அவர். ஆனால், அந்த ஆட்டங்களில் அவர் வென்ற புள்ளிகள் 54 சதவீதமே. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரும் கிட்டத்தட்டப் பாதிப் புள்ளிகளை இழந்தார். ஒவ்வொரு புள்ளிக்கும் மனம் உடைந்திருந்தால் அவரால் ஆடியிருக்க முடியாது.

இதை வணிகர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவதுண்டு. ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. டென்னிஸில் ஒரு புள்ளியை இழந்தால் ஒரு புள்ளிதான் போகும். சந்தையில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு போகலாம் என்பதை நாமே தீர்மானிக்கிறோம். பத்து முறை வணிகம் செய்து ஏழு முறை ஆயிரம் ரூபாய் வீதம் வென்றவர், மூன்று முறை நாலாயிரம் வீதம் தோற்றால் முடிவில் ஐயாயிரம் ரூபாய் நட்டம். ஏழு வெற்றிகளைப் பற்றி அவர் நண்பர்களிடம் சொல்வார். தவிர, முதலில் பாதியை இழந்தவர் பழைய நிலைக்குத் திரும்ப, மிச்சமுள்ளதை இரு மடங்காக்க வேண்டும். ஃபெடரரின் கணக்கு வணிகருக்குப் பொருந்த வேண்டுமானால், முதலில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவாக்க வேண்டும்: எந்த ஒரு வணிகத்திலும் முதலில் இவ்வளவுக்கு மேல் இழப்பதில்லை என்ற வரையறை.

குறிப்பேடு எழுதும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 ஜனவரியில் சிட்னி டெஸ்டில் சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 241 ஓட்டங்கள் எடுத்தார். 436 பந்துகள் நீடித்த அந்த ஆட்டத்தில், தமக்கு மிகவும் பிடித்த 'கவர் டிரைவ்' அடியை அவர் ஒதுக்கியே வைத்தார். அத்தொடரில் வெளிப்புறப் பந்துகளைத் துரத்தி ஆட்டமிழந்ததை உணர்ந்திருந்தார் என்பதே காரணம். எப்படி ஆட்டமிழக்கிறோம் என்று அறிந்தவரால்தான் எதை ஆடக் கூடாது என்று முடிவு செய்ய முடியும். எந்த நேரத்தில், என்ன காரணத்துக்காக வாங்கினோம், எப்போது விற்றோம், அப்போது மனநிலை என்ன என்று ஐம்பது வணிகங்களை எழுதிவைத்துப் பார்த்தால், பெரும்பாலானோரின் நட்டம் ஒன்றிரண்டு பழக்கங்களில் குவிந்திருப்பதைக் காணலாம். தரகு நிறுவனம் அனுப்பும் கணக்கறிக்கையில் விலையும் நேரமும் இருக்கும், காரணம் இருக்காது.

ஓய்வைப் பற்றிக் குமரிக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் பால்வெட்டும் வழக்கம் எதற்காக என்று அங்குள்ள பிள்ளைகளுக்கும் தெரியும். வடிந்த பால் மீண்டும் ஊற மரத்துக்குப் பொழுது வேண்டும். பேராசைப்பட்டு அளவு மீறி வெட்டினால், வெட்டுப்பட்டை வறண்டு பாலே நின்றுவிடுவதுண்டு. அமெரிக்கப் பேராசிரியர்கள் பார்பர், ஓடியன் இருவரும் 1991 முதல் 1996 வரை 66,465 குடும்பங்களின் பங்குக் கணக்குகளை ஆராய்ந்தனர். அக்காலத்தில் சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் ஈட்டித் தந்தது. மிக அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, விளையாட்டிலிருந்து கற்க வேண்டியவற்றுள் பெரிதும் பேசப்படாத ஒன்று எஞ்சுகிறது. அது எடைப் பிரிவு. 50 கிலோ எடையுள்ள குத்துச்சண்டை வீரரை எவரும் 90 கிலோ வீரருடன் மோதவிடுவதில்லை. மாவட்ட அளவில் வென்றவரே மாநில அளவுக்குச் செல்கிறார். முன்பேர வணிகத்திலோ, கணக்குத் தொடங்கிய முதல் நாளே எதிரில் நிற்பவை பெரும் நிறுவனங்களின் கணினிகள். 2023-24-இல் இவ்வணிகத்தில் வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் ஈட்டிய லாபத்தில் 97 சதவீதமும், தரகு நிறுவனங்கள் சொந்தக் கணக்கில் ஈட்டிய லாபத்தில் 96 சதவீதமும் கணினி நிரல்வழி வணிகத்தால் வந்தவை. நல்ல உறக்கமும் குறிப்பேடும் ஒழுக்கமும் இந்த ஏற்றத்தாழ்வைச் சரிசெய்துவிடும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. வீரர்களின் பழக்கங்களை நேர்மையாகக் கடைப்பிடிக்கும் ஒருவர், தம் குறிப்பேட்டை ஓராண்டு கழித்துப் படித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது சொல்லும் செய்தி, இந்தப் பிரிவில் ஆட வேண்டாம் என்பதாகவே இருக்கும்.

அதற்கு வழியும் இருக்கிறது. முதலீட்டாளர் தமது வணிகக் கணக்கைத் தாமே முடக்கிவைக்கும் வசதியைத் தரகு நிறுவனங்கள் அளிக்க வேண்டும் என்ற செபியின் விதி 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கணக்கில் சந்தேகத்துக்கிடமான நடவடிக்கை தென்பட்டால் பயன்படுத்துவதற்கென்று வந்த ஏற்பாடு அது. ஆயினும், பிறர் கையிலிருந்து மட்டுமன்றி, நட்டமடைந்த நாளில் தம் கையிலிருந்தே கணக்கைக் காத்துக்கொள்ளவும் அது உதவும். சில நிறுவனங்களின் செயலிகளில், 'எஃப் அண்ட் ஓ' பிரிவை மட்டும் தனியே நிறுத்திவைக்கவும் இயலும். உங்கள் தரகு நிறுவனத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைச் சந்தை மூடியிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.