தரவுத்தள இணைப்பும் செயற்கூறும்

வலைத்தள நிரல்களில் ஒவ்வொரு பணிக்கும் தனித்தனியே எழுதப்படும் பகுதி செயற்கூறு எனப்படும். பி.எச்.பி. மொழியில், வெளியே திறந்த தரவுத்தள இணைப்பு செயற்கூற்றினுள் தானே புலப்படாது. பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகளோ, இணைப்பு இன்னதெனக் குறிப்பிடாவிடின், இறுதியாகத் திறந்த இணைப்பையே கொண்டன. இரு தரவுத்தளங்கள் திறந்திருப்பின், ஒன்றிற்குரிய கணக்கு மற்றொன்றில் பதிவாகக்கூடும். 2015இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் அக்கட்டளைகள் நீக்கப்பட்டன.

இணைப்பைப் பொதுமாறியாக்கியும் உள்ளே கொணரலாம். ஆயின், எச்செயற்கூறு எத்தரவுத்தளத்தைத் தொடுகிறது என்பது மறைந்துவிடும். ஆகவே, இணைப்பை ஒருமுறை திறந்து, செயற்கூற்றை அழைக்கும்போதே அதனிடம் கொடுப்பதே நன்று. அவ்வாறாயின், செயற்கூற்றின் முதல் வரியே அதன் தேவையைக் காட்டும். சோதனைக்கு வேறொரு தரவுத்தளத்தைக் கொடுத்தலும் எளிது. தொக்கி நிற்பதை விரித்துரைத்தால் ஐயம் நீங்கும் என்பது இலக்கணம் பயின்றோர் அறிந்ததே.